பேன் விழுந்த தட்டாம்பயறு: ஒரு மார்கழிக் கணக்கு

மார்கழி எட்டாம் தேதி, காலை ஏழு மணி இருக்கும். ஒரே ஒரு தட்டாம்பயற்றுக் கொழுந்தில் 212 பேன் எண்ணி முடித்து நிமிர்ந்தேன், கழுத்து பிடித்துக்கொண்டது. வேலிக்கு அந்தப் பக்கம் பல் துலக்கிக்கொண்டிருந்த மாமா, "என்ன மாப்ளே, வீட்டுல பேன் பாக்க ஆளில்லைன்னு செடிக்குப் பாக்குறியா?" என்றார். பக்கத்துக் கொல்லைக்காரர், முறைக்கு மாமா. பதில் சொல்லாமல் நோட்டில் 212 என்று எழுதினேன். எழுதும்போதே ஒரு குழப்பம். இத்தனை பேன் ஏறிய கொடி இந்நேரம் சுருண்டு தொங்க வேண்டாமா? அது பாட்டுக்கு அடுத்த கணுவில் பூ விட்டுக்கொண்டிருந்தது.

செடியின் சாற்றை உறிஞ்சும் பூச்சி, புத்தகத்தில் அசுவினி என்று போடுவதைத்தான் எங்கள் பக்கம் பேன் என்கிறோம். தட்டாம்பயறு, அவரை, கடலை மூன்றுக்கும் வருவது கறுப்புப் பேன். மார்கழிப் பனி இறங்கினால் பேன் விழும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

எனக்குத் தொழில் கைக்கடிகாரம் பழுது பார்ப்பது. காரைக்குடியில் சின்னக் கடை. குடியிருப்பு கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். விவசாயி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட், செம்மண்ணும் சரளையும் கலந்த பூமி, ஒரு கிணறு, அரை எச்.பி. மோட்டார். கடைக்குப் பஸ் ஏறும் முன் காலையில் ஒன்றரை மணி நேரம் அதில் கழியும். கண்ணில் செருகிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் இருப்பதும், சின்னச் சாமானைக் கிடுக்கியால் பிடிக்கக் கை பழகியிருப்பதும்தான் இந்த வேலைக்கு நான் கொண்டுவந்த முதலீடு.

இது ஆரம்பித்தது அதற்கு முந்தின வருஷம். கடையில் வாங்கிய குத்துச்செடி ரகத் தட்டாம்பயறு போட்டிருந்தேன். பேன் விழுந்தது. மருந்துக்கடையில் கொடுத்ததை அடித்தேன். மூன்று நாளில் செடி பளிச்சென்று ஆனது; மூன்றாவது வாரம் முன்னைவிட இரண்டு மடங்கு பேன். பேனோடு சேர்த்து அதைத் தின்னும் பொறிவண்டையும் கொன்றிருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது. பேன் வாரத்தில் பெருகிவிடும். பொறிவண்டு முட்டையிட்டு, புழுவாகி, கூண்டாகி வர மூன்று வாரமாவது வேண்டும். அந்த இடைவெளியில் பேனுக்குக் கேட்பாரில்லை.

அதே சமயம் குப்பைக்குழி ஓரத்தில் ஒரு கொடி. அப்பத்தா கலயத்தில் சாம்பலும் வேப்பிலையும் போட்டு வைத்திருந்த பழைய விதை எப்படியோ விழுந்து தானாக முளைத்தது. அதற்கு மருந்தும் இல்லை, தண்ணீரும் இல்லை. தண்டு கறுப்பாகத் தெரிகிற அளவுக்குப் பேன். ஆனால் மாசி வரை காய்த்தது. வீட்டில் கத்தரிக்காயோடு சேர்த்துக் குழம்பு வைத்ததெல்லாம் அந்தக் காய்தான்.

அப்பத்தா விதைக்குப் பேன் வராது என்றுதான் என் அம்மா சொல்லிவந்தார். வராது என்பது பொய். என் கண் முன்னால் வந்திருந்தது. வந்தும் காய்த்தது எப்படி என்பதுதான் கேள்வி. அதனால் இந்த வருஷம் கணக்கு வைத்துப் பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

ஐப்பசி 25-இல் விதைத்தேன். ஒரு வரிசை அப்பத்தாவின் ஊர் விதை, 1 முதல் 12 வரை நம்பர். அடுத்த வரிசை கடை விதை, 13 முதல் 24. செடிக்குச் செடி இரண்டடி, வரிசைக்கு வரிசை மூன்றடி. ஒற்றைப்படை எண் செடியெல்லாம் காபந்து செய்தது, இரட்டைப்படை எண் செடியெல்லாம் விதி விட்ட வழி. ஒரு ரகம் பூச்சியைத் தாங்குகிறதா என்று பார்க்க இப்படித்தான் செய்தாக வேண்டும். பூச்சி ஏறிய செடி எவ்வளவு காய்த்தது என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதே ரகம் பூச்சி இல்லாமல் எவ்வளவு காய்க்கும் என்று தெரிந்தால்தான் எவ்வளவு போயிற்று என்று தெரியும். கடிகாரம் ஓடுகிறது என்றால் போதுமா? சரியான நேரத்தைக் காட்டும் இன்னொன்று பக்கத்தில் இருக்க வேண்டும்.

காபந்துக்கு முதலில் போட்ட திட்டம் கொசுவலை. ஜி.ஐ. கம்பியை வளைத்து நட்டு, பழைய கொசுவலையை வெட்டிப் போர்த்தி, அடியில் மண் அணைத்தேன். பன்னிரண்டு கூண்டு செய்ய இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கார்த்திகை ஐந்தாம் தேதி வாக்கில் மூடினேன். பார்க்கக் கல்யாண வீட்டுப் பலகாரத் தட்டு மாதிரி அழகாக இருந்தது.

பதினேழாம் நாள் ஒரு கூண்டைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே பேன் மொய்க்கிறது. வெளியே நின்ற செடியில் பத்திருபது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. யோசித்தபோது மூன்று காரணம் பட்டது. மூடும்போதே குருத்தில் ஒன்றிரண்டு இருந்திருக்கும். பேனுக்கு ஆண் துணை வேண்டியதில்லை, பெண்ணே முட்டையிடாமல் நேராகக் குட்டி போடும், அந்தக் குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தாயாகும். ஒன்று போதும். அடுத்தது, கார்த்திகையில் அடித்த மழை. வெளிச்செடியிலிருந்த பேனை மழை அடித்துக் கழுவிவிட்டது. கூண்டுக்குள் வலை மழையின் வேகத்தை வாங்கிக்கொண்டது. மூன்றாவது, பேனைத் தின்ன வருகிற எதுவும் வலைக்குள் நுழைய வழியில்லை. செடியைக் காப்பதாக நினைத்துப் பேனுக்குக் காவல் போட்டிருக்கிறேன்.

வலையையெல்லாம் பிரித்தேன். அப்புறம் கைவைத்தியம்தான்: ஒற்றைப்படைச் செடிகளை மூன்று நாளைக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பது. அதிலும் முதல் தடவை துணி துவைக்கிற பவுடரைக் கரைத்துவிட்டேன். மறுநாள் 15-இலும் 17-இலும் இலை ஓரம் வெந்தது போலக் கருகியது. பிறகு குளிக்கிற சோப்பைச் சீவி, லிட்டருக்கு ஐந்து கிராம் என்று கரைத்தேன். காலை வெயில் ஏறும் முன் துடைத்துவிட்டு, அரை மணி கழித்து நல்ல தண்ணீர் தெளித்தேன். கருகல் நின்றது. துடைப்பதில் செடி ஆடுகிறதே, அதற்கும் ஒரு பாதிப்பு இருக்குமே என்று இரட்டைப்படைச் செடிகளையும் வெறும் கையால் லேசாகத் தடவிவிட்டேன். மாமா அதையும் பார்த்தார். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

எண்ணுவதற்கு வைத்துக்கொண்ட முறை எளிது. ஒரு செடிக்கு ஒரு கொழுந்து, நுனியிலிருந்து பத்து சென்டிமீட்டர், அதில் உள்ளதெல்லாம். முதல் வாரக் கணக்கைக் கிழித்துப் போட்டேன். காரணம், இலையில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கிடந்த துணுக்குகளை வெள்ளை ஈ என்று நினைத்துத் தனியாக எண்ணிக்கொண்டிருந்தேன். லென்ஸில் பார்த்தால் ஆறு காலும் கொம்பும் அப்படியே இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. பேன் உரித்துப் போட்ட சட்டை. வளரும்போது நாலு தடவை சட்டை மாற்றும். வெள்ளைத் தூள் நிறையக் கிடந்தால் குட்டிகள் மளமளவென்று வளர்கின்றன என்று அர்த்தம். அதற்கு வேறு மருந்து தேடிப் போக வேண்டாம்.

பேன் சாப்பிடுவதைப் பத்து மடங்கில் பார்ப்பது ஒரு அனுபவம். முழு வளர்ச்சியடைந்தது இரண்டு மில்லிமீட்டர், எண்ணெய் தடவினது போல மினுங்கும் கறுப்பு. குட்டிகள் சாம்பல் பூசினது போல மங்கல். பின்பக்கம் சைலன்சர் மாதிரி இரண்டு குழாய். தலையைத் தாழ்த்தி மூக்கைத் தண்டில் ஊன்றிவிட்டால் மணிக்கணக்கில் அசையாது. ஊசி என் கண்ணுக்குத் தெரியவில்லை. கடிகாரத்துக்குள் இருக்கும் மயிரிழைச் சுருள்வில்லைவிடப் பல மடங்கு மெல்லியது. அது செல்லைக் கிழித்துக்கொண்டு போவதில்லை. செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலுள்ள சந்தில் வளைந்து வளைந்து போய், இலையில் தயாரான சர்க்கரைப் பாகு ஓடும் குழாயில் இறங்குகிறது. அந்தக் குழாயில் அழுத்தம் அதிகம். துளை விழுந்ததும் பாகு தானாகவே ஏறும். 1950களிலேயே விஞ்ஞானிகள் உறிஞ்சிக்கொண்டிருக்கும் பேனை வெட்டி எடுத்துவிட்டு, தண்டில் நிற்கும் ஊசி முனையிலிருந்து சொட்டுகிற சாற்றைச் சேகரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தக் கைவேலைக்காரர் யாராக இருந்தாலும் என் கடையில் வேலை தருவேன்.

அந்தப் பாகில் சர்க்கரை ஏராளம், புரதத்துக்கு வேண்டிய சத்து சொற்பம். சொற்பத்துக்காக ஏராளத்தைக் குடித்தாக வேண்டும். மிச்சச் சர்க்கரையைப் பின்னால் துளியாக விட்டுவிடுகிறது. இலை பிசுபிசுப்பதும், எறும்பு ஏறுவதும், பத்து நாளில் அதன்மேல் கரும்பூஞ்சை படிந்து இலை அடுப்புக்கரி பூசினது போல ஆவதும் இதனால்தான். எறும்பு சும்மா குடித்துவிட்டுப் போவதில்லை, பொறிவண்டை விரட்டும். 6-ஆம் செடியில் ஒரு கட்டெறும்பு தன்னைவிடப் பெரிய பொறிவண்டுப் புழுவைக் காலைப் பிடித்து இழுத்ததைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்து பஸ்ஸை விட்டேன்.

அந்தச் சொற்பச் சத்தை நாமே கூட்டிக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் தெரியாமல் செய்து பார்த்தேன். கடலைப் புண்ணாக்குக் கரைசல் மீந்துபோனதை 2-க்கும் 14-க்கும் ஊற்றினேன். பத்து நாளில் இரண்டும் கரும்பச்சை. கொழுந்தில் பேனும் அந்தந்த வரிசையிலேயே அதிகம். தழைச்சத்து கூடினால் சாற்றில் பேனுக்கு வேண்டியது கூடுகிறது. யூரியா போட்ட வயலில் புகையான், அதாவது நெல்லின் சாற்றை உறிஞ்சும் பூச்சி, ஏறுகிறது என்று நெல் போடுபவர்கள் சொல்வதும் இதே கணக்குதான்.

சரி, எண்களுக்கு வருவோம். பேன் உச்சத்தில் இருந்தது மார்கழி இரண்டாம் வாரம். துடைக்காத ஊர் விதைச் செடிகளில் கொழுந்துக்குச் சராசரி 140. துடைக்காத கடை விதையில் 115. கவனியுங்கள், ஊர் விதையில்தான் பேன் அதிகம். அம்மாவின் வாதம் அன்றோடு முடிந்தது.

காயை வீட்டுத் தராசில் பச்சையாகவே நிறுத்தேன். துடைத்த ஊர் விதைச் செடி ஆறும் சேர்ந்து 1,480 கிராம், துடைக்காதவை 1,190. நஷ்டம் ஐந்தில் ஒரு பங்கு. கடை விதை துடைத்தவை 1,920 கிராம், துடைக்காதவை 890. பாதிக்கு மேல் போச்சு.

இதை வைத்து ஊர் விதைக்குக் கொடி பிடிக்க நான் தயாரில்லை. மெனக்கெட்டுத் துடைத்தால் கடை விதை ஊர் விதையைச் சாப்பிட்டுவிடுகிறது. 1,920 எங்கே, 1,480 எங்கே. அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் காய்ப்பைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள், அதில் தப்பில்லை. கவனிக்க ஆளில்லாத கொல்லையில்தான் கதை மாறுகிறது. இன்னொன்று, வரிசைக்கு ஆறு ஆறு செடி என்பது கணக்கே இல்லை. புதுக்கோட்டைப் பக்கம் வம்பனில் பயறு ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். என் நாலு சென்டில் அவ்வளவுதான் கொள்ளும்.

செடி பூச்சியைச் சமாளிப்பதை மூன்றாகப் பிரித்துக் காட்டியவர் ரெஜினால்ட் பெயின்டர் என்ற அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர், 1951-இல். ஒன்று, பூச்சிக்கே செடியைப் பிடிக்காமல் போவது: இலை சுணையாக இருக்கும், வாடை ஆகாது, வந்த பூச்சி வேறு இடம் பார்க்கும். இரண்டு, தின்ற பூச்சிக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போவது: குட்டி சாகும், வளர்ச்சி குன்றும். மூன்றாவதுதான் என் கொடி செய்தது. பூச்சி வரும், குடிக்கும், பெருகும். செடி அதை வைத்துக்கொண்டே காய்க்கும். தாங்குதிறன்.

முதல் இரண்டிலும் அடி வாங்குவது பூச்சி. அதனால் அது மாற்று வழி தேடும். நெல்லில் இது நடந்தது. பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973-இல் புகையானுக்கு எதிர்ப்புள்ள ஐ.ஆர். 26 ரகத்தை வெளியிட்டது. சில ஆண்டுகளுக்குள் அதையும் தின்னத் தெரிந்த புகையான் வந்துவிட்டது. தின்ன முடியாத கூட்டம் செத்து, முடிந்த சிலது பிழைத்துப் பெருகினால் வேறென்ன ஆகும்? தாங்குகிற செடியில் எல்லாப் பேனும் பிழைக்கிறது. எது தப்பும் எது சாகும் என்ற தேர்வே நடப்பதில்லை. இந்தோனேசியாவின் உத்ரி ராஜபான், கேரளத்தின் திரிவேணி என்று புகையானைத் தாங்கும் நெல் ரகங்களும் உண்டு. எங்கள் கண்மாய்ப் பாசனத்தில் புகையான் விழுந்து வட்டம் வட்டமாகத் தீய்ந்த வயலைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதையும் தாங்கும் நெல் இருக்கிறது என்பதை முதலில் படித்தபோது நம்பவில்லை.

கொடி எப்படித் தாங்கியது என்பதை 4-ஆம் செடியில்தான் நன்றாகப் பார்த்தேன். 212 எண்ணியது இதில்தான். மார்கழி பத்தாம் தேதி நுனி சுருண்டு வளர்ச்சி நின்றது. நுனி வளர்கிற வரை கீழ்க் கணுக்களிலுள்ள மொட்டுகளை அது தூங்கவைத்திருக்கும். நுனி படுத்ததும் அவை விழித்துக்கொள்ளும். பதினெட்டாம் தேதிக்குள் தரையிலிருந்து மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது கணுவில் புதுக் கிளை. துடைத்த 3-ஆம் செடியில் அன்றைக்கு இரண்டே கிளை, 4-இல் ஐந்து. பேன் பழைய நுனியிலேயே கும்பலாக இருந்தது. புதுக் கிளைகள் பத்து நாள் போலச் சுத்தமாக ஓடின. வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துத்தான் அவற்றை ஓட்டியிருக்க வேண்டும். பேன் உறிஞ்சும் செடிகளில் மிச்ச இலை வழக்கத்தைவிடக் கூடுதலாக உணவு தயாரித்து ஈடுகட்டுவதும் உண்டு. அதை அளக்கும் கருவி என் கடையில் இல்லை. கீழ் இலைகள் 3-இல் உதிரத் தொடங்கிய பிறகும் 4-இல் பச்சையாக நின்றதை மட்டும் பார்த்தேன்.

கடை விதையில் நுனி படுத்தபோது கிளைக்க நேரமே இல்லை. குத்துச்செடி ஒரே மூச்சில் பூத்து ஒரே மூச்சில் காய்க்கும். அந்தப் பூங்காம்பிலேயே பேன் அப்பிக்கொண்டதும் பிஞ்சு கொட்டிற்று. திருப்பிப் பூக்க அதனிடம் கணு இல்லை. கொடிக்கு அவசரமில்லை. மார்கழிப் பூ போனால் தைப் பூ. ஒரே பேரத்தில் கைமுதல் எல்லாவற்றையும் போட்டுவிடாத ஆச்சி ஒருவர் எங்கள் கடைவீதியில் உண்டு; அந்த மாதிரி.

அந்தத் தைப் பூ தப்பித்ததற்கு வேறு ஆட்களும் காரணம். துடைக்காத செடிகளில் மார்கழிக் கடைசியில் பொறிவண்டுகள் வந்து இறங்கின. கூடவே பச்சை நிறத்தில் காலில்லாத ஒரு புழு. பூவில் அந்தரத்தில் நின்று பறக்குமே, தேனீ மாதிரி வரி போட்ட சிர்ஃபிட் ஈ, அதன் புழு. கண் கிடையாது, தலையை இப்படியும் அப்படியும் வீசித் துழாவும். பேன் தட்டுப்பட்டால் கவ்வி அந்தரத்தில் தூக்கிப் பிடித்து உறிஞ்சிவிட்டுத் தோலைத் துப்பும். பிறகு உப்பிப்போய், பழுப்பேறி, தண்டோடு ஒட்டிக்கொண்ட பேன்கள். அவற்றின் முதுகில் துளைகருவியால் போட்டது போல வட்டமாக ஓர் ஓட்டை. உள்ளே வளர்ந்த சின்னஞ்சிறு குளவி வெட்டிக்கொண்டு வெளியே போன வாசல் அது. இப்படி ஓட்டை விழுந்தவற்றை 4-இல் மட்டும் 31 எண்ணினேன். இவையெல்லாம் வருகிற வரை செடி சாகாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். தாங்குகிற ரகம் தருவது அந்த இரண்டு, மூன்று வார அவகாசம்தான் என்று எனக்குப் படுகிறது.

தை நடுவில் மோட்டாரின் காயில் கம்பிச்சுருள் எரிந்தது. காயில் கட்டக் கொடுத்த இடத்தில் நாளை நாளை என்று ஒன்பது நாள் இழுத்தார்கள். குடத்தில் இறைத்து ஊற்றியதில் வரிசைக் கடைசிக்குத் தண்ணீர் எட்டவில்லை. அத்தனை நாள் பேனைத் தாங்கிய துடைக்காத 12-ஆம் செடி, தண்ணீர் இல்லாமல் ஐந்தாம் நாளே தொங்கிப்போய், மொத்தம் 70 கிராமோடு கணக்கை முடித்துக்கொண்டது. பக்கத்திலேயே அதே வறட்சியில் நின்ற 11, பேன் இல்லாதது, 190 கிராம் கொடுத்தது. அந்தக் கடைசி இரண்டையும் விட்டுவிட்டுப் பார்த்தால் ஊர் விதையின் நஷ்டம் இன்னும் குறைவு, நூற்றுக்குப் பதின்மூன்று. ஆக, தாங்குவதெல்லாம் கையிருப்பு உள்ளவரை. கிளை விடவும் புது இலை போடவும் தண்ணீர் வேண்டும். மானாவாரிக் கொல்லையில் இதே விதை இதே மாதிரி நடந்துகொள்ளும் என்று நான் சொல்ல மாட்டேன். கடை விதை அதற்குள் காய்த்து முடித்திருந்ததால் இந்தச் சோதனையிலிருந்து தப்பித்துக்கொண்டது.

வம்பு வந்தது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. கொழுந்தில் நெரிசல் ஆனால் பேனில் சிலது இறக்கையோடு பிறக்கும். காற்றில் ஏறிப் போகும். மாமா மார்கழியில் கிணற்றுப் பாசனக் கடலை போட்டிருந்தார். தை கடைசியில் அவர் கடலைக் குருத்திலும் அதே கறுப்புப் பேன்.

"மாப்ளே, ஒன் செடி தாங்கும். என் கடலை தாங்குமா? நீ வளத்து விடுற, நான் மருந்தடிக்கணுமா?"

பதில் இல்லை. அவர் கேட்டது நியாயம். தாங்குகிற செடி பூச்சியைக் குறைப்பதில்லை. என் ஆறு கொடியும் ஒன்றரை மாதம் பேன் பண்ணை நடத்தியிருக்கின்றன. அதைவிட மோசம், 8-ஆம் செடியில் இலை திட்டுத் திட்டாக மஞ்சளும் பச்சையும் கலந்து நெளிந்திருந்தது. தேமல். பேன் குடிக்கும் சாற்றால் வரும் நஷ்டம் ஒரு பக்கம்; ஊசியில் ஒட்டிக்கொண்டு வரும் வைரஸ் இன்னொரு பக்கம். சாறு போவதைத் தாங்கும் செடி வைரஸையும் தாங்கும் என்று சட்டமில்லை. அதைப் பரப்ப ஒரு பேன் ஒரு நிமிஷம் ருசி பார்த்தாலே போதும்; கொல்லுகிற மருந்தும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது.

அன்று சாயங்காலமே 8-ஐப் பிடுங்கிக் குழியில் போட்டு மண் தள்ளினேன். வேலியோரம் நின்ற 10-ஐயும் எடுத்துவிட்டேன். அது நன்றாகத்தான் காய்த்துக்கொண்டிருந்தது, மனசு வரவில்லை. மாமாவின் கடலையில் ஓரத்து நாலு பாருக்குப் புதுவயல் அரிசி மில்லிலிருந்து அள்ளிவந்த உமிச்சாம்பலை விடியற்காலைப் பனி ஈரத்தில் நானே தூவிக் கொடுத்தேன். பிறகு வேப்பங்கொட்டைக் கரைசல்: லிட்டருக்கு ஐம்பது கிராம் பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்பு சேர்த்துச் சாயங்காலம் தெளித்தது. இரண்டு தடவையில் கடலை தெளிந்தது. சாம்பலா கரைசலா பொறிவண்டா, எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல அங்கே ஒற்றைப்படை, இரட்டைப்படை போடவில்லை. மாமா சாம்பல்தான் என்கிறார்.

மாசியில் விதைக்கு விட்டது 4-ஆம் செடியின் கடைசிக் காய்களை. காம்பில் சிவப்பு நூல் கட்டி, காய்ந்து வெடிக்கும் முன் பறித்து, தனிக் கலயத்தில் வைத்திருக்கிறேன். மற்றவற்றின் விதை இன்னொரு கலயத்தில். 4-இன் பிள்ளைகளும் 4 மாதிரியே நடந்துகொள்ளுமா, அல்லது அந்தச் செடி நின்ற இடத்தில் மண் கொஞ்சம் கொழுப்பா என்பது தெரிய வேண்டும். பொறுமையில்லாமல் பங்குனியில் பத்து விதை ஊன்றிப் பார்த்தேன். முளைத்தது, படர்ந்தது, பூத்தது. வெயிலில் பேன்தான் வரவில்லை. ஒன்றைக்கூட எண்ண முடியவில்லை.

பக்கத்து வரிசை வெண்டையில் தத்துப்பூச்சி இறங்கியிருக்கிறது. இலை ஓரம் மஞ்சளாகி மேல்நோக்கி மடங்குகிறது. இரண்டு ரகம் கலந்து போட்டிருந்தேன். ஒன்றின் இலையடியில் சுணை அடர்த்தி, அதில் இலைக்கு ஒன்று, இரண்டு. வழுவழுப்பானதில் எட்டு, பத்து. பெயின்டர் சொன்ன முதல் வகை போலிருக்கிறது. தத்துப்பூச்சி பேன் மாதிரி உட்கார்ந்து கொடுப்பதில்லை, நிழல் பட்டால் குறுக்கே நடந்து இலையின் அந்தப் பக்கம் போய்விடுகிறது. எண்ணுவதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.